ஸ்பிரிங் அக்காவும் கொசுவும்

என் சித்தியைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஸ்பிரிங் அக்கா என்றால்தான் தெரியும். கடை ஷட்டர்களைப் பழுது பார்ப்பது அவள் தொழில். ஷட்டர் சுருண்டு ஏறும் குழாய்க்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கும். அதை முறுக்கேற்றும்போது கை நழுவினால் மணிக்கட்டு போய்விடும். சித்தி அந்த வேலையை ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே செய்வாள். அதனால் வந்த பெயர் அது. கோபம் வந்தால் எகிறுவாள், அதனால் வந்தது என்பது சித்தப்பாவின் கட்சி. சொல்லிவிட்டு உடனே அடுப்படிக்குள் போய்விடுவார்.

படிப்பு முடித்து வேலை தேடிய காலத்தில் நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். நேர்காணலுக்குப் போய்விட்டு முகம் தொங்கி வருவேன்.

"என்னடி கேட்டாங்க?"

"உங்களப் பத்தி சொல்லுங்கன்னாங்க சித்தி."

"அது கூடவா தெரியல?"

தெரியவில்லைதான். சொல்ல ஆரம்பித்தால் வேறு யாரையோ பற்றிச் சொல்வது போல இருக்கும்.

எங்கள் கடைத்தெருவை விடிந்தும் விடியாத நேரத்தில் பார்க்க வேண்டும். எல்லாக் கடையும் மூடியிருக்கும். மூடிய ஷட்டர் ஒவ்வொன்றிலும் எழுத்து. கிராஃபிட்டி என்ற சொல்லைக் கல்லூரியில் கேட்டிருக்கிறேன். ஏதோ சுவரைக் கெடுக்கிற சமாச்சாரம் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே ஒரே இழுப்பில் போட்ட கையெழுத்து ஒரு கடையில், வயிறு ஊதிய எழுத்து அடுத்த கடையில், நிழலோடு கட்டடம் போல எழும்பி நிற்பது அதற்கடுத்ததில். கடைக்காரர்கள் வர வர, ஒவ்வொன்றும் கடகடவென்று சுருண்டு மேலே போய்விடும். வெயில் ஏறும்போது தெரு முழுக்கத் துணியும் செருப்பும் பாத்திரமும் தொங்கும். அத்தனை எழுத்தும் தலைக்கு மேலே சுருட்டி வைக்கப்பட்டிருப்பது கீழே பேரம் பேசுகிற யாருக்கும் நினைவிருக்காது.

சித்திக்கு அதெல்லாம் துருவுக்குச் சமம். "பெயிண்ட் ஏறினா ஷட்டர் பட்டை தடிக்கும். தடிச்சா சுருளாது. சுருளலேன்னா என்னத்தான் கூப்பிடணும். எழுதட்டும், நல்லா எழுதட்டும்" என்பாள்.

அந்தத் தெருவிலேயே பெரிய எழுத்து டெய்லரம்மா கடை ஷட்டரில் இருந்தது. எழுதியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. எழுதியது அந்த ஆள் தனக்கே வைத்துக்கொண்ட ஒரு பெயர்: கொசு. ஊரில் எங்கே திரும்பினாலும் அந்தப் பெயர் மொய்க்கும். மற்ற இடங்களில் நான் அதுவரை பார்த்தவை சின்னச் சின்னவை. டெய்லரம்மா ஷட்டரில் இருந்தது வேறு. 'கொ'வின் கொம்பு சுழித்துச் சுழித்து அலை போல எழும்பும். 'க'வின் குறுக்குக் கோடு மஞ்சள் அம்பாகித் துணைக்காலைத் துளைத்து அந்தப் பக்கம் வரும். 'சு'வின் வால் அத்தனையையும் சுற்றிக்கொண்டு திரும்பவும் கொம்புக்கே போகும். அது கொசு என்று யாராவது சொல்லாமல் வாசிக்க முடியாது. சொன்ன பிறகும் எனக்குப் பல நாள் பிடிபடவில்லை.

அது வந்த கதையை டெய்லரம்மா எல்லோருக்கும் சொல்வார். ஒரு நாள் காலையில் வழக்கத்தைவிட முன்னதாக வந்திருக்கிறார். காலடிச் சத்தம் கேட்டு யாரோ ஓடியிருக்கிறார்கள். ஷட்டரில் வெறும் கோடுகள், கீழே உருண்டு கிடக்கும் ஸ்பிரே டப்பாக்கள். டெய்லரம்மா டப்பாக்களை வரிசையாக நிறுத்தி வைத்தார். துணியில் குறி போடும் சாக்பீஸை எடுத்து, கோடுகளுக்கு அடியில், 'அரைகுறையா விட்டுட்டுப் போகாதே, முடிச்சிட்டுப் போ' என்று எழுதினார். சில நாளில் அது முடிந்திருந்தது.

"பாதி தைச்ச சட்டைய யாராவது போட்டுட்டுப் போவாங்களா? அதான் சொன்னேன்" என்பார்.

அந்த ஷட்டரில்தான் ஒரு சரக்கு வண்டி பின்னால் வந்து மோதியது. நடுப்பகுதி உள்ளே குழிந்துபோனது. புது ஷட்டர் போடும் கம்பெனி ஆள் வந்து டேப்பைப் பிடித்து அளந்தார்.

"கழட்டி எறிஞ்சிட்டுப் புதுசு போட்டுடலாம்மா. மோட்டார் வச்சது. பொத்தான அமுக்கினா போதும்."

"படம்?"

"எந்தப் படம்?"

டெய்லரம்மா ஷட்டரைக் காட்டினார். கம்பெனி ஆள் சிரித்தார். "பழைய இரும்போட போயிடும்."

நானும் சித்தியும் அப்போது பக்கத்துக் கடையில் நின்றிருந்தோம். சித்தி பேசியிருக்க வேண்டியதே இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. "பட்டை பட்டையாக் கழட்டி, நிமித்தி, திரும்ப மாட்டித் தர்றேன். ஒரு கோடு மாறாது" என்றாள். தெருவே கேட்டது.

ஷட்டர் என்பது ஒரே தகடு இல்லை. மூன்று விரல் அகலப் பட்டைகள், ஒன்றின் மடிப்புக்குள் இன்னொன்று கோத்துத் தொங்குகிற பாய். சித்தி ஒவ்வொரு பட்டையின் முதுகிலும் சாக்பீஸால் எண் போட்டாள். பக்கவாட்டில் உருவி எடுத்து, வண்டியில் ஏற்றி, வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் கொண்டு வந்து வைத்தோம். நெளிந்தவற்றை மரக்கட்டை வைத்துத் தட்டி நிமிர்த்தினாள். படம் உரசாமல் இருக்கக் கீழே சாக்கு விரித்து, வண்ணம் உள்ள பக்கம் தரையைப் பார்க்க எல்லாவற்றையும் கவிழ்த்து அடுக்கினாள். அதுவரைக்கும் சரி.

அதன் பிறகு அவள் செய்தது, எந்த ஷட்டர் மெக்கானிக்கும் செய்வது. பட்டை கையில் வந்தால் முதுகைத் துடைத்து மடிப்புக்கு எண்ணெய் விடுவார்கள். எல்லாப் பட்டையும் ஒன்றுபோல இருப்பதால் எது எங்கே என்று யாரும் பார்ப்பதில்லை. அடியில் துருப்பிடித்ததை மேலே ஏற்றி, மேலே இருந்ததை அடிக்கு இறக்குவதும் உண்டு. சித்தியின் கை அத்தனை வருடப் பழக்கத்தில் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தது. பாடிக்கொண்டே துடைத்தாள். துடைத்ததைச் சுவரோரம் சாய்த்தாள். பாட்டு நின்றபோது நான் நிமிர்ந்து பார்த்தேன். சித்தி கையிலிருந்த துணியை விரித்துப் பிடித்திருந்தாள். சாக்பீஸ் பொடியில் துணி வெள்ளை வெளேரென்று இருந்தது; பட்டைகளின் முதுகில் ஒரு எண் கூட மிச்சமில்லை.

"சித்தி..."

"பேசாத."

சித்தப்பா எட்டிப் பார்த்து, நிலைமையைப் புரிந்துகொண்டு, அடுப்படிக்குள் போய்விட்டார். 

புகைப்படம் இருக்குமே என்று நான் ஓடினேன். டெய்லரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லாமல், சும்மா கேட்பது போலக் கேட்டேன். "தினம் பாக்குறத யாரு படம் புடிச்சு வைப்பா?" என்றார். கடை திறந்திருக்கும்போது வருகிறவர்களுக்குப் படம் தெரியாது. மூடிய பிறகு வருகிறவர்கள் எதற்கு நிற்கப் போகிறார்கள்? செருப்புக் கடைக்காரரின் போனில் ஒன்று கிடைத்தது. புதிதாக வாங்கிய ஸ்கூட்டரைப் படம் பிடித்திருந்தார். ஸ்கூட்டர் மிகத் தெளிவாக இருந்தது. அதற்குப் பின்னால் ஷட்டரின் மேல் விளிம்பு கொஞ்சம்.

பட்டைகளைத் திருப்பி வண்ணப் பக்கம் மேலே வைத்தோம். ஓரங்களில் கோடு கோட்டோடு சேரும், எளிதுதான் என்று நினைத்தேன். சேரவில்லை. சுருண்டு சுருண்டு ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது. நிமிர்த்திய இடங்களில் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. எழுத்தும் நேரான எழுத்தா? எந்தப் பட்டையை எதன்மேல் வைத்தாலும் ஏதோ ஒரு கோடு ஏதோ ஒரு கோட்டைத் தொட்டது. சிவப்பு வட்டம் ஒன்று மட்டும் முழுதாகத் தெரிந்தது. சூரியன் என்று சொல்லி அதை மேலே வைத்தோம்.

சித்தி அவற்றுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். "இவன் எப்படி எழுதுவான்னு தெரிஞ்சாத்தான் எது எதுக்கு மேலன்னு தெரியும். இவனோட பழசெல்லாம் எங்கெங்க இருக்கு?"

"அவன்னு எப்படித் தெரியும்?"

"அவளா இருந்தா அம்மாகிட்ட அடி வாங்கி நிறுத்தியிருப்பா."

"அவனா இருந்தா?"

"அம்மா சோறு போட்டு அனுப்பியிருப்பா. கிளம்புடி."

வண்டியில் நான் பின்னால் உட்கார்ந்து வழி சொல்ல, ஊரைச் சுற்றினோம். நான் பிறந்து வளர்ந்த ஊர். ஆனால் அன்று வரை அதன் சுவர்களை நான் பார்த்திருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆகப் பழையது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. மார்க்கர் பேனாவால் எழுதியது. நான்கு கோட்டு நோட்டில் எழுதுவது போல ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, அழுத்தி அழுத்தி. கடைசியில் முற்றுப்புள்ளி கூட வைத்திருந்தது. சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாத்தியாருக்குப் பயந்த கொசு."

பஸ் நிறுத்தங்களின் முதுகிலும் மின்பெட்டிகளிலும் அதே பெயர் ஓட ஆரம்பித்திருந்தது. கையை எடுக்காமல் ஒரே இழுப்பு. கொம்பு கீழிருந்து எழும்பி, 'க'வுக்குள் புகுந்து, காலை ஒரு வெட்டு வெட்டி, 'சு'வின் வாலில் பறந்து முடியும். அதற்கப்பால் எகிறிப் போய் விழுந்த ஒரு புள்ளி. யாராவது வருவதற்குள் முடித்துவிட வேண்டிய அவசரம் அந்த அழகைக் கொடுத்திருக்கிறது. நின்று நிதானமாக எழுதியிருந்தால் அது வராது.

பாலத்துத் தூணில் எழுத்துகள் ஊதியிருந்தன. அங்கே முதலில் எழுதியது அண்டா என்ற வேறொரு ஆள். பெயருக்கேற்ற மாதிரி, எழுத்தெல்லாம் பானை வயிறு. அதற்குப் பக்கத்தில் கொசுவும் உடம்பு வைத்திருந்தது. ஊசி என்று இன்னொருவர், இருவரின் இடுக்கிலும் மெலிந்த நீண்ட எழுத்துகளைச் செருகியிருந்தார்.

"அண்டாகிட்ட இருந்து திருடியிருக்கு" என்றாள் சித்தி.

"திருடல சித்தி. கத்துக்கிட்டிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான். பட்டறையில பொம்பளைக்கு ஸ்பிரிங் வேலை தர மாட்டேன்னாங்க. பட்டை எண்ணி அடுக்கச் சொன்னாங்க. கதவு இடுக்குல பாத்துப் பாத்துத்தான் திருடினேன். அப்புறம் என் கைக்குத் தகுந்த மாதிரி முறுக்கினேன்." வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "அவங்க முறுக்கினது மாதிரி முறுக்கியிருந்தா என் கை போயிருக்கும்" என்றாள்.

மூடிக் கிடக்கும் ஆலையின் நீளச் சுவரில் கொசு கட்டடமாகியிருந்தது. எழுத்துகளுக்குப் பக்கவாட்டுச் சுவர்கள் முளைத்து, நிழல் விழுந்து, தள்ளினால் சாய்ந்துவிடும் போல நின்றன. நிழல் எப்போதும் வலது பக்கமே விழுகிறது என்று நான் கண்டேன். வழிந்த பெயிண்டைச் சித்தி பார்த்தாள். வழிவது கீழ்நோக்கித்தான் வழியும். எந்தப் பட்டையில் வழிசல் தொடங்குகிறது, எதில் முடிகிறது என்று தேடலாம் என்றாள். பிறகு ரயில் பாதையை ஒட்டிய சுவர். அங்கேதான் எழுத்துகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தன. கொம்பில் அம்பு முளைத்திருந்தது. கால் முழங்காலை மடக்கியிருந்தது. சரியாக வராதவற்றின் மேல் வெள்ளையடித்து, அதன்மேலேயே திரும்ப எழுதி, அதுவும் வராமல் திரும்ப. வெள்ளைக்கு அடியில் பழைய கோடுகள் நரம்பு போலத் தெரிந்தன. அந்தச் சுவரின் முன்னால் வெகுநேரம் நின்றோம்.

"ரெண்டே எழுத்துடி" என்றாள் சித்தி. அவள் குரல் அப்படித் தணிந்து நான் கேட்டதில்லை. "ரெண்டே எழுத்த வச்சுக்கிட்டு இத்தன வருஷம்..."

கல்லூரி நோட்டின் கடைசிப் பக்கங்களில் நான் என் கையெழுத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அம்மாவும் அப்பாவும் கைநாட்டு வைத்தவர்கள். எனக்கு ஒரு நல்ல கையெழுத்து வேண்டும் என்று ஆசை. ஒன்று வந்ததும் நிறுத்திவிட்டேன். அதோடு வேலை முடிந்தது என்று எப்படி நினைத்தேன் என்று அந்தச் சுவர் முன்னால் யோசித்தேன்.

திரும்பி வரும் வழியில் சித்தி சட்டென்று வண்டியை நிறுத்தினாள். "அது சூரியன் இல்ல."

"எது?"

"சிவப்பு வட்டம். வாத்தியாருக்குப் பயந்து வச்சுச்சே, அந்தப் புள்ளி. கடைசி வரைக்கும் விடல பாரு. எல்லா இடத்துலயும் முடியிற இடத்துல இருக்கு. அது மேல போகக் கூடாது, கீழ வரணும்."

அதைக் கீழே வைத்ததும் கொட்டகைத் தரையில் படம் அசைய ஆரம்பித்தது. புள்ளிக்கு மேலே வால், வாலுக்கு மேலே கால். நிழல் விழும் பக்கத்தை நான் பார்த்தேன், வழிசலைச் சித்தி பார்த்தாள். சித்தப்பா கூடத் தட்டோடு வந்து நின்று, "அந்தப் பச்சை அங்க ஒட்டல" என்று சரியாகவே சொன்னார். தன் வாழ்நாளில் ஸ்பிரிங் அக்கா தன் பேச்சைக் கேட்ட ஒரே நாள் அது என்று பிறகு சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கடைசியில் நடுவே இரண்டு பட்டைகள் மிஞ்சின. மோதலில் அதிகம் நெளிந்தவை. வண்ணமும் அதிகம் உதிர்ந்தவை. மஞ்சள் அம்பின் மூக்கு ஒன்றில், கழுத்து இன்னொன்றில். இதன்மேல் அது வைத்தாலும் பொருந்தியது, அதன்மேல் இது வைத்தாலும் பொருந்தியது. அம்பு மேலே பார்க்கிறதா, கீழே பாய்கிறதா? ரயில் சுவரில் இரண்டும் இருந்தன. பள்ளிச் சீருடைகளைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்குகிறது, கடைக்குத் தார்ப்பாய்தான் கதவாக இருக்கிறது என்று டெய்லரம்மா ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். சித்தி கண்ணை மூடி, ஒரு பட்டையின் மேல் கை வைத்தாள். "இது மேல." கழுத்து இருந்த பட்டை அது; அம்பு கீழே பாய்ந்தது.

மாட்டிய அன்று தெரு கூடியது. சித்தி ஸ்பிரிங்கை முறுக்கினாள், பாடவில்லை. ஷட்டர் இறங்கியது. கொம்பு, அலை, அம்பு, வால், அடியில் சிவப்புப் புள்ளி. யாரோ கை தட்டினார்கள். டெய்லரம்மா மடிப்புத் தையலைச் சரிபார்ப்பது போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"நல்லா இருக்கு" என்றார். பிறகு, "என்னவோ... ஒண்ணுமில்ல. என் கண்ணுதான்."

அந்த 'என்னவோ' சித்தியோடு வீட்டுக்கு வந்துவிட்டது. எண் அழிந்த விஷயத்தை அன்றே டெய்லரம்மாவிடம் சொல்லிவிட்டாள். அவர், "இத்தன சேத்தியே, அதுவே பெருசு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் சித்திக்கு ஆறவில்லை. ஒரு கோடு மாறாது என்று சொன்ன வாய். மாற்றிப் போடலாம் என்றால், அதுதான் சரி என்று சொல்ல ஆள் எங்கே? கடைகள் மூடிய பிறகு அந்தத் தெரு வழியாக வருவதை நிறுத்திவிட்டாள். கொசு இத்தனை வருடம் பழகி முடித்த எழுத்தைத் தன் கை கெடுத்துவிட்டதா என்பது மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. சித்தப்பா சீண்டினால் கூட எகிறவில்லை.

"ஸ்பிரிங் இறங்கிப் போச்சு" என்றார் சித்தப்பா. சிரிக்கவில்லை.

எனக்கு ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. தினம் பஸ்ஸில் போவேன். இப்போது என் கண் ஜன்னலுக்கு வெளியே சுவர்களிலேயே இருந்தது. ஒரு நாள் பணிமனைச் சுவரில் அண்டாவின் புது எழுத்தைப் பார்த்தேன். பானை வயிறுகள் குறுக்கே துண்டு துண்டாக வெட்டப்பட்டு, துண்டுகள் இடம் மாறி இருந்தன. வேடிக்கையாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். சில வாரம் கழித்து ஊசியும் அப்படி. மெலிந்த எழுத்துகள் பட்டை பட்டையாக, ஒன்றுக்கொன்று நழுவி. அதற்குப் பிறகு எனக்குத் தெரியாத பெயர்கள், சந்துகளில், தூண்களில். எங்கிருந்து வந்தது இது? ஒரு சுவர் இன்னொரு சுவரைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது என்றால், எந்தச் சுவர் முதல் சுவர்?

அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிர்பதனக் கிடங்கின் பின்பக்கம் கண்டேன். கண்டதும் வீட்டுக்கு ஓடி, எண்ணெய்க் கையோடு சித்தியை இழுத்து வந்தேன்.

"என்னடி, அப்படி என்ன..." என்று சொல்லிக்கொண்டே வண்டியிலிருந்து இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சுவர் முழுவதும் கொசு. டெய்லரம்மா ஷட்டரின் அதே வண்ணங்கள், ஆனால் அதைப் போலப் பல மடங்கு பெரியது. பெயர் முழுக்கக் கிடைமட்டப் பட்டைகளாக வெட்டியிருந்தது. அடுத்தடுத்த ஒவ்வொரு ஜோடிப் பட்டையும் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருந்தது. மேலே இருக்க வேண்டியது கீழே, கீழே இருக்க வேண்டியது மேலே. கிட்டே நின்றால் ஓடும் தண்ணீரில் விழுந்த வெளிச்சம் போல ஒன்றும் நிற்கவில்லை. சித்தி பின்னால் நகர்ந்து நகர்ந்து சாலையின் மறுபக்கம் வரை போனாள். அங்கிருந்து, அத்தனை சிதறலும் ஒன்று சேர்ந்து, கொசு என்று சட்டென்று எழுந்து நின்றது. அந்தப் பின்னல் எழுத்தில் முதல்முறையாக, யாரும் சொல்லாமல், அந்தப் பெயரை எங்களால் வாசிக்க முடிந்தது.

நடுவில் மஞ்சள் அம்பு இருந்தது. மூக்குக்கு மேலே கழுத்து, சித்தி மாட்டியது போலவே.

"மாத்தித்தான் மாட்டியிருக்கேன்" என்றாள் சித்தி. "நான் மாத்தி மாட்டினது அப்படியே இருக்குடி."

"ஆமா சித்தி."

"பாத்திருக்கு. வந்து நின்னு பாத்திருக்கு." சித்தி இன்னும் அம்பையே பார்த்தாள். "அழிச்சிருக்கலாம்ல? கோவம் வந்திருக்கும்ல?"

நானும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

சித்தி சாலையைக் கடந்து சுவருக்குப் போனாள். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே மடிப்பு ஓடியது. மடிப்புக்கு அடியில் நிழல், அங்கங்கே எண்ணெய்க் கசிவு, துருவின் பொடி. எத்தனையோ வருடமாக அவள் விரல் போய் வந்த மடிப்பு. பழக்கத்தில் விரல் நகத்தை அதில் கொடுத்து நெம்பப் பார்த்தாள். நகம் வழுக்கியது. திரும்பவும் கொடுத்தாள். உள்ளங்கையை விரித்துத் தடவிப் பார்த்தாள். மடிப்பே இல்லை. வெறும் சமதளச் சிமெண்ட். எல்லாம் வரைந்தது.

அவள் கையை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பாமலே, மெதுவாக ஏதோ முணுமுணுத்தாள். ஸ்பிரிங் முறுக்கும்போது பாடுவது அது. ஷட்டர் மாட்டிய நாளிலிருந்து அதை நான் கேட்டிருக்கவில்லை.